நெஸிஹாவின் ரொட்டித் துண்டு

துனீசியாவில் எங்கள் க்ஸார் ஹெலால் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்தால் அது ஒரு தையல்காரி மேல்தான் விழும். நானும் தையல்காரி, நெஸிஹாவும் தையல்காரி. வெளிநாட்டுக்குப் போகிற ஜீன்ஸ் தைக்கும் ஃபேக்டரியில் அவள் என் முன் மெஷினில் உட்கார்ந்திருக்கிறாள். அதனால் அவள் முகத்தைவிட அவள் பிடரிதான் எனக்கு அத்துப்படி. சிவந்திருந்தால் வீட்டில் சண்டை. ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் தூக்கம் போதவில்லை. சில வருஷமாக அது நேராக நின்று நான் பார்த்ததில்லை.

அவளுக்கு இடது பின்பாக்கெட். எனக்கு பெல்ட் வளையம். வலது பாக்கெட் வேறொருத்தி, ஜிப் இன்னொருத்தி. இத்தனை காலம் தைத்தும் ஒரு முழுக் கால்சட்டையை எங்களில் யாரும் தைத்ததில்லை. இதை நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. சம்பளம் முழுசாக வந்தால் போதும் எனக்கு. நெஸிஹா அப்படி இல்லை.

"வஸீலா, நான் மவுத்தானா வானத்து மலக்குங்க வந்து உலகத்துல என்னடி செஞ்சேன்னு கேப்பாங்க. இடது பாக்கெட்னு சொல்லணும். அப்ப வலது பாக்கெட்னு கேட்டா, அது எனக்குத் தெரியாது, பின்னாடி லைன்ல கேளுங்கன்னு சொல்லணும்" என்றாள் ஒருநாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தன் கையால் தொடங்கித் தன் கையாலேயே முடிந்த ஒரு முழுப் பொருள் வேண்டும் அவளுக்கு. கேட்டால் சின்ன ஆசைதான். ஆனால் மெஷினைவிட்டு எழுந்து, பஸ் பிடித்து, வீட்டுக்குப் போய்ச் சமைத்து, பாத்திரம் கழுவி முடிக்கிறவளுக்கு அதற்கு மேல் ஒரு ஆசை வைத்துக்கொள்வதே பெரிய உடம்பு வேலை.

எல்லாம் அவள் மணிக்கட்டு வலியில் ஆரம்பித்தது. வலது கையில் நரம்பு இறுகிவிட்டது, கட்டுப் போட்டு ஓய்வு கொடு என்றார் டாக்டர். வீட்டில் சும்மா கிடந்தபோது அண்ணன் மகள் ஓரம் உடைந்த ஒரு பழைய டேப்லெட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். இவள் இடது ஆள்காட்டி விரலால் அதில் கிறுக்க ஆரம்பித்தாள். முதல் படம் கத்தரிக்காய் மாதிரி இருந்தது. அது அவள் புருஷன் லஸ்ஹர் என்றாள். லஸ்ஹரிடம் காட்டியபோது, "கத்தரிக்காய்க்கு மீசை நல்லாத்தான் இருக்கு" என்றான்.

லஸ்ஹர் துனிஸ் நகரத்துக்குப் போய்வரும் வேன் ஓட்டுகிறவன். ஆள் ஏறும்வரை காத்திருந்து, ஏறியதும் பறந்து, மறுபடி காத்திருந்து திரும்புகிற பிழைப்பு. வீட்டுக்கு வரும்போது பேச்சு முழுவதையும் பயணிகளிடம் தீர்த்துவிட்டுத்தான் வருவான். மிச்சம் இருப்பது நக்கல் மட்டும். "டாக்டர் கைக்கு ஓய்வு குடுக்கச் சொன்னாரு. இவ கைக்கு இன்னொரு வேலை தேடிக் குடுத்துட்டா" என்று என்னிடமே சொன்னான்.

அவளுக்கு அந்த டேப்லெட்டில் பிடித்ததே பின்னோக்கிப் போகிற அந்தக் குட்டி அம்புக்குறிதான். ஃபேக்டரியில் ஒரு பாக்கெட் கோணினால் நூல் நூலாகப் பிரிக்க வேண்டும், மேற்பார்வைக்காரியின் வாயையும் கேட்க வேண்டும். இங்கே ஒரு தட்டு, தப்பே நடக்காதது போல ஆகிவிடுகிறது. "இவ்வளவு லேசா இருக்கே, இது ஹராமா இருக்குமோடி?" என்றாள். கட்டு அவிழ்த்து வேலைக்குத் திரும்பியபின் மதியச் சாப்பாட்டு வேளையில் எங்கள் லைனை வரைந்தாள். அவளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்களின் பிடரிகள்தான் எல்லாம். பிடரியைப் பார்த்தே இது ஹலீமா, இது மெஹ்ரெஸியா என்று சொல்லிவிடலாம். பார்த்தவர்கள் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு டப்பாவைத் திறந்தார்கள். வேறென்ன செய்வார்கள், பசி.

பிறகு காசாபிளாங்காவில் யாரோ ஒரு பெண் போடுகிற பாடங்களைப் பார்த்து, படத்தை நகர வைக்கும் வித்தைக்குப் போனாள். ஒரு பொருளை ஒரு நூல் அளவு நகர்த்து, ஒரு படம் எடு. இன்னொரு நூல் நகர்த்து, இன்னொரு படம். சேர்த்து ஓட்டினால் அது தானாக நடக்கும். ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு படம் வேண்டுமாம். எனக்குத் தலை சுற்றியது. "ஏண்டி, நாள் பூரா நூல் நூலா நகர்த்துறது பத்தாதா உனக்கு?" என்றேன்.

"அது அவங்களுக்கு நகர்த்துறேன். இது எனக்கு" என்றாள்.

மகன் ஸ்ஃபாக்ஸுக்கு வேலைக்குப் போனதால் ஒரு சின்ன அறை காலி. மேசை ஆடும் என்பதால் தரையிலேயே ஒரு தெருவைக் கட்டினாள். அட்டையில் வீடுகள், நீலக் கதவுகள். நடமாடும் ஜனங்கள் எல்லாம் ஃபேக்டரியில் கழித்துப்போட்ட ஜீன்ஸ் பொத்தான்கள். ஒரு ஜிப் நாய். எறும்புகளுக்குக் கறுப்பு நூல் துணுக்கு. கதாநாயகன் யார் தெரியுமா? ஒரு ரொட்டித் துண்டு. யார் பையிலிருந்தோ தெருவில் விழுந்துவிட்ட ஒரு விளிம்புத் துண்டு.

முதலில் உண்மையான ரொட்டியை வைத்துப் பார்த்தாள். வெக்கையில் அது காய்ந்து வெடித்து, காலையில் ஒரு உருவம், மாலையில் ஒரு உருவமாக இருந்தது. மேலும், அல்லாஹ் கொடுத்த ரொட்டியை வைத்து விளையாடுவது பாவம் என்று நானும் சொன்னேன், அவளுக்கும் மனசு இடித்தது. அதனால் பிள்ளைகள் உருட்டி விளையாடும் காயாத களிமண்ணில் செய்தாள். காப்பிப் பொடி கரைத்து நிறம் ஏற்றினாள். ஊசியால் குத்திக் குத்தி உள்பக்கத்தைப் பொறபொறப்பாக்கினாள். மேல் ஓட்டில் ரவை தூவி அழுத்தினாள். எத்தனையோ முறை பிசைந்து பிசைந்து மறுபடி செய்தாள். களிமண்ணுக்குப் பின்னோக்கிப் போகிற அம்பு கிடையாதே.

படம் எடுக்கும் முன் முழுக் கதையையும் டேப்லெட்டில் கோட்டுச் சித்திரமாக வரைந்து ஓட்டிப் பார்த்தாள். அதை லஸ்ஹரிடம் காட்டினாள். நானும் இருந்தேன். அவன் ரொட்டியில் ஆலிவ் எண்ணெயைத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தான். ரொட்டித் துண்டு தெருவில் விழுகிறது. பொத்தான் மனிதர்கள் தாண்டித் தாண்டிப் போகிறார்கள். நாய் முகர்ந்துவிட்டுப் போகிறது. கடைசியில் எறும்புகள் இழுத்துக்கொண்டு போகின்றன. முடிந்தது.

"இது எந்த ஊர்ல நடக்குது?" என்றான்.

"நம்ம ஊர்லதான். கதவெல்லாம் பார்க்கலையா?"

"நம்ம ஊர்ல கீழே ரொட்டி கெடக்கும், ஒருத்தரும் எடுத்து மேல வைக்காம ஊரே தாண்டிப் போகுமா? பொய்யில எல்லாம் பெரிய பொய்யா இருக்கே இது."

"இது கதை, லஸ்ஹர்."

"கதைக்கு ஊர் வேணாமா?"

நெஸிஹாவின் முகம் சிவந்துவிட்டது. "நான் ரொட்டியைச் சொல்லல. ஃபேக்டரியில என்னைத் தாண்டிப் போறாங்க, பஸ்ஸுல தாண்டிப் போறாங்க, இந்த வீட்டுல நீ தாண்டிப் போற. நான் ஒருத்தி கீழே கெடக்கேன்னு யாராவது பார்க்குறீங்களா? அதைத்தான் சொல்றேன்" என்றாள்.

லஸ்ஹர் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டான். எனக்கு அவன்மேல் எரிச்சலாக வந்தது. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதால் இன்னும் எரிச்சல். ஆனால் நியாயம் பேச அதுவா நேரம்?

அதிலிருந்து அவன் அந்த அறைப் பக்கமே போகவில்லை. நான்தான் விளக்குப் பிடிக்கிறவள். சூரிய வெளிச்சம் மாறினால் படம் துடிக்குமாம், அதனால் ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டிருந்தாள். ஜூலை மாதத்தில் ஜன்னலுக்குக் கம்பளி! ஃபேனும் போடக்கூடாது, நூல் எறும்புகள் பறந்துவிடும். ஒருநாள் வெள்ளைச் சட்டையோடு போய்விட்டேன், அதன் வெளிச்சம் தெருவில் விழுகிறது என்று கத்தித் திருப்பி அனுப்பினாள். ஹரிஸா மிளகாய் விழுது வந்த டப்பாவில் மணல் நிரப்பி அதில் போனை நிறுத்தியிருந்தாள். முந்தின படம் போன் திரையில் ஆவி போல மங்கலாகத் தெரியும், அதை வைத்து அடுத்த அசைவை அளப்பாள். குனிவது, நகர்த்துவது, நிமிர்வது, தட்டுவது. ஒரு சாயங்காலம் முழுக்க உழைத்தால் ஒரு பொத்தான் தெருவைத் தாண்டும். பல நாள் தரையிலேயே கன்னத்தை வைத்துத் தூங்கிப்போனாள். எழுப்பினால், "கொஞ்சம் இருடி, எறும்பு போகட்டும்" என்று உளறுவாள். நானும் விளக்கைப் பிடித்தபடியே தூங்கியிருக்கிறேன், அதை அவளிடம் சொன்னதில்லை.

அப்போதுதான் மப்ரூக்கா வருகிற சேதி வந்தது. லஸ்ஹரின் அக்கா. கண் ஆபரேஷன் முடிந்து சனிக்கிழமை வருகிறாள், கோடை முடியும்வரை இங்கேதான். அவளுக்கு அந்த அறைதான். இதில் பேச ஒன்றும் இல்லை, நாத்தனாரைத் தெருவிலா படுக்க வைப்பது? நெஸிஹாவும் பேசவில்லை. ஆனால் ஒருமுறை கலைத்த தெருவை மறுபடி கட்ட முடியாது என்று அவளுக்குத் தெரியும். உடம்பிலும் தெம்பு இருக்காது, மனசிலும் இருக்காது. சனிக்கிழமைக்குள் முடிந்தால் அவள் வாழ்க்கையில் முழுசாக ஒன்று உண்டு. முடியாவிட்டால் இதுவும் ஒரு இடது பாக்கெட்.

வியாழக்கிழமை எறும்புக் காட்சி மட்டும்தான் பாக்கி. வேலை முடிந்து இரண்டு பேரும் நேராக அவள் வீட்டுக்குப் போனோம். கறுப்புச் சட்டை மாற்றிக்கொண்டு அறைக்குள் போய் விளக்கைப் போட்டேன். நெஸிஹா போனைத் தொட்டாள். திரையில் மங்கலாக ரொட்டித் துண்டு தெரிந்தது. தரையில் இல்லை.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதை நான் கண்ணால் பார்த்தது அன்றுதான். பொத்தான்கள் வைத்த இடத்தில் இருந்தன. நாய் இருந்தது. வீடுகள் இருந்தன. ரொட்டித் துண்டு மட்டும் இல்லை. அறை ஓரத்தில் மப்ரூக்காவுக்கான கட்டில் பொருத்தி நிறுத்தப்பட்டிருந்தது.

நெஸிஹா கத்தவில்லை. சமையலறைக்குப் போனாள். லஸ்ஹர் கடலைச் சூப்பில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"என் படத்தைத் தொட்டியா?"

"இல்ல."

"அறைக்குள்ள போனியே."

"கட்டில் மாட்டப் போனேன். உன் பொத்தான், நூலு எதையும் தொடல. ஒட்டகம் மாதிரி காலைத் தூக்கித் தாண்டித்தான் போனேன். வல்லாஹி, தொடல."

"அப்ப அது எங்க போச்சு? கால் முளைச்சுப் போச்சா? அக்காவுக்கு அறை வேணும்னா ரெண்டு நாள் பொறுக்கக்கூடாதா நீ?"

"தொடலன்னு சொல்றேன்ல! வல்லாஹின்னு சொன்னப்புறம் வேற என்ன சொல்லணும் நான்? நாள் பூரா ஸ்டியரிங் புடிச்சுட்டு வந்து கட்டில் மாட்டுனதுக்குக் கூலியா இது?"

சண்டை ஏறிக்கொண்டே போனது. எனக்கோ அவன் பொய் சொல்வதாகத் தோன்றவில்லை. நக்கல்காரன், சோம்பேறி, ஆனால் வல்லாஹி என்று ஆணையிட்டுப் பொய் சொல்கிற ஆள் இல்லை. பூனை எடுத்திருக்குமோ என்று அறைக்குள் போய்த் தேடினேன். கட்டிலுக்கு அடியில் இல்லை, கதவுக்குப் பின்னால் இல்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். அப்போது கண்ணில் பட்டது. சுவரில் மின்சார மீட்டர் பெட்டிக்கு மேலே, யார் காலும் படாத உயரத்தில், பத்திரமாக இருந்தது ரொட்டித் துண்டு.

எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் விளங்கும்.

அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் லஸ்ஹர் முன்னால் நீட்டினேன். "இதை யாரு மேல வெச்சது?"

"நான்தான்" என்றான் கொஞ்சமும் யோசிக்காமல். "கீழே கெடந்துச்சு, எடுத்து வெச்சேன். ரொட்டியைத் தரையில போட்டு வெப்பாங்களா? நீங்க ரெண்டு பேரும் அங்க உக்காந்து திம்பீங்க போல, கூட்டக்கூட மாட்டீங்க."

"இதான் நீங்க தொடாத படம், லஸ்ஹர் அண்ணே."

அவனுக்குப் புரியவில்லை. "படத்தை எங்க தொட்டேன்? ரொட்டியைத்தானே எடுத்தேன்!"

"முத்தம் குடுத்தீங்களா?"

"முத்தம் குடுக்காம வெப்பாங்களா?"

"களிமண் அண்ணே, களிமண்ணு!" என்று சொல்லி நான் சிரிக்க ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை. லஸ்ஹர் வாயைத் துடைத்தான். துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் கட்டைவிரல் அழுந்திய பள்ளம் அதில் பளிச்சென்று இருந்தது. ஒரு ஓரத்தில் அவன் மீசை முடி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. "உதட்டுல ரவை ஒட்டுச்சே" என்றான், யாரோ அவனை ஏமாற்றிவிட்டதுபோல.

நெஸிஹா சிரிக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெஜமாவே ரொட்டின்னு நெனச்சியா?"

"வேற என்னன்னு நெனைக்கிறது?"

"கையில எடுத்தப்புறமும்?"

"ரொட்டியை எடுத்து யாராவது ஆராய்ச்சி பண்ணுவாங்களா? பார்த்தேன், கை தானா போச்சு."

"நீ நெஜமாவே..." என்று மறுபடி ஆரம்பித்தவள் முடிக்காமல் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கோபத்திலா, களைப்பிலா, சந்தோஷத்திலா என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். லஸ்ஹர் சூப்புக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினான். அவனுக்குத் தெரிந்த சமாதானம் அவ்வளவுதான்.

அழுந்திப்போன துண்டைச் சரிசெய்தால் முன்போல வராது. புதிதாகச் செய்யவும் நாள் இல்லை. மறுநாள் மெஷினில் அவள் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன், மத்தியானத்துக்கு மேல் அது மெதுவாக நேரானது. திரும்பி, "எறும்பு வேணாம். அவன் சொன்னதுதான் சரி" என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லஸ்ஹர் தெருவின் ஓரத்தில் மண்டியிட்டிருந்தான். துனிஸுக்கு இரண்டு நடை போய்வந்த உடம்பு. அவன் கை மேலேயிருந்து நூல் நூலாகத் தெருவுக்குள் இறங்கி, அவன் விரல் பள்ளம் விழுந்த அதே ரொட்டித் துண்டை எடுக்க வேண்டும்.

"அசையாதே" என்றாள் நெஸிஹா.

"மூச்சாவது விடலாமா?"

"விடு. கை ஆடக்கூடாது."

"நேத்து ஒரு நொடியில எடுத்து வெச்சேன். இன்னைக்கு ஒரு சாயங்காலமா? யா ரப்பி, முட்டி போச்சு!"

"பேசாதே, தோள் ஆடுது."

"வஸீலா, என் மவுத்துக்கு நீதான் சாட்சி."

எடுப்பது முடிந்தது. அடுத்தது முத்தம். போனைத் திருப்பி அவனைச் சுவரில் சாய்ந்து உட்காரச் சொன்னாள். துண்டு உதட்டை நோக்கி ஏற வேண்டும். கொஞ்சம் ஏறியது, படம். இன்னும் கொஞ்சம், படம். கம்பளிக்குப் பின்னால் வெக்கை அடுப்புப் போல இருந்தது. துண்டு உதட்டைத் தொட்டது. படம். "இப்ப கீழே இறக்கு" என்றாள். கை இறங்கவில்லை. பார்த்தால் அவன் கண் மூடியிருக்கிறது. ரொட்டித் துண்டை உதட்டில் வைத்தபடியே தூங்கிவிட்டான்.

நான் எழுப்பப் போனேன். நெஸிஹா என் கையைப் பிடித்தாள். போனைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். அவன் நெஞ்சு ஏறி இறங்கியது, அதை மட்டும் எடுத்துக்கொண்டே இருந்தாள். பிறகு போனைக் கீழே வைத்தாள்.

"மேல வைக்கிறது எடுக்கலையே?" என்றேன் காதோரம்.

"வேணாம். முடிஞ்சிருச்சு" என்றாள். அவனுக்குப் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்தாள், சாய்ந்ததும் தூங்கிவிட்டாள். நான் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை மப்ரூக்கா வந்தாள், தெரு ஒரு அட்டைப் பெட்டிக்குள் போனது. திங்கட்கிழமை சாப்பாட்டு வேளையில் நெஸிஹா டேப்லெட்டை மேசையில் நிறுத்தினாள். லைன் முழுக்க வந்து சுற்றி நின்றது. ஒரு நிமிஷப் படம். பொத்தான்கள் தாண்டிப் போனபோது ஹலீமா, "அடப் பாவிகளா, ஒருத்தனாவது எடுங்கடா!" என்று சத்தம் போட்டாள். கை இறங்கி வந்ததும் எல்லோரும் "ஆங்!" என்றார்கள். லஸ்ஹர் தூங்கிப்போனதைப் பார்த்துச் சிரித்தார்கள், பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. மெஹ்ரெஸியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னொரு தடவை போடச் சொன்னார்கள், போட்டாள்.

அப்புறம் கேள்விகள். வீடெல்லாம் நீ செஞ்சதா? ஆமாம். ஜிப் நாய்? ஆமாம். கதவுக்கு நீலம் எங்கே வாங்கினே? சொன்னாள். ரொட்டித் துண்டைப் பற்றி மட்டும் ஒருத்தியும் கேட்கவில்லை. ரொட்டியில் கேட்க என்ன இருக்கிறது? எனக்கோ நாக்கு துறுதுறுத்தது. அவள் உயிரைக் கொடுத்துச் செய்ததே அதுதான் என்று மேசையில் அடித்துச் சொல்ல வாயைத் திறந்தேன். நெஸிஹா மேசைக்கு அடியில் என் காலை ஓங்கி மிதித்தாள்.

மணி அடித்தது. எழுந்து போகும்போது ஹலீமா மட்டும் திரும்பிவந்து, கொஞ்சம் கவலையோடு கேட்டாள், "அந்த ரொட்டியை என்னடி பண்ணே? வீணாக்கிடலையே?"

"இல்லக்கா. லஸ்ஹர் எடுத்து முத்தம் குடுத்து மேல வெச்சுட்டான்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு ஹலீமா தன் மெஷினுக்குப் போனாள்.